ஜெனரல் மார்பில் எத்தனை ரிப்பன்? பட்டாளத்து மெடல்கள் பற்றி வாசகர் கேள்விகள்

குடியரசு தின அணிவகுப்பு முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மெடலைப் பற்றித்தான். எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம். காலாட்படை யூனிட் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து, ஹெட் கிளார்க்காகி, சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். மெடல் ரோல் (மெடல் பெறுபவர் பட்டியல்), சிட்டேஷன் (என்ன செய்ததற்கு மெடல் என்ற குறிப்பு), பார்ட் டூ ஆர்டர் (ஒருவர் சர்வீஸ் விவரங்களைப் பதியும் ஆணை) எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் மேலே போகும். அதனால் இந்த இதழ் முழுக்க மெடலுக்கே.

திண்டுக்கல் வாசகர்: அணிவகுப்பில் பெரிய அதிகாரிகள் மார்பில் நாலு, அஞ்சு வரிசைக்குக் கலர் கலராக ரிப்பன் தெரிகிறது. அத்தனையும் சண்டையில் வாங்கியவையா, ஐயா?

இல்லை. பெரும்பகுதி, அவர் எங்கெங்கே இருந்தார், எத்தனை வருடம் இருந்தார் என்பதற்கான சாட்சி.

முதலில் எப்படிப் படிப்பது என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ரிப்பனும் ஒரு மெடலுக்கு அடையாளம். எதிரே நின்று பார்க்கும் நமக்கு இடது ஓரத்தில், மேல் வரிசையில் இருப்பதுதான் மதிப்பில் மூத்தது. அங்கிருந்து வலப்பக்கமாக, பிறகு அடுத்த வரிசை என்று இறங்கிக்கொண்டே வர வேண்டும். எது முன், எது பின் என்பதற்கு அரசாங்கம் போட்ட வரிசை உண்டு. அதை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை, தளபதிக்கும் இல்லை.

உதாரணத்துக்கு ஜெனரல் பிபின் ராவத்தை எடுத்துக்கொள்வோம். 2021 டிசம்பர் 8-ஆம் தேதி குன்னூர் பக்கத்தில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்தாரே, அவர்தான். சூலூரிலிருந்து வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்குப் போகிற வழியில் நடந்தது அது. 1978 டிசம்பரில் 11-ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸில் அப்பாவின் பட்டாலியனிலேயே செகண்ட் லெப்டினன்டாகச் சேர்ந்தவர். நாற்பத்து மூன்று வருட சர்வீஸ். அவர் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளை, அதாவது மெடல் பெயர்களின் சுருக்கங்களை, வரிசையாக விரித்துச் சொன்னால்: பரம விசிஷ்ட சேவா மெடல், உத்தம் யுத்த சேவா மெடல், அதி விசிஷ்ட சேவா மெடல், யுத்த சேவா மெடல், சேனா மெடல், விசிஷ்ட சேவா மெடல். இந்த ஆறும் அவருக்கென்று பெயர் குறிப்பிட்டுக் கொடுத்தவை. இறந்த பிறகு 2022-இல் பத்ம விபூஷண் வந்தது.

இந்த ஆறுக்குக் கீழே உள்ள வரிசைகள் வேறு மாதிரி. ஒன்பது வருடம் முடித்தால் ஒரு மெடல், இருபதுக்கு ஒன்று, முப்பதுக்கு ஒன்று. மூன்றையும் சேர்த்தே போட்டுக்கொள்ளலாம். 1997 ஆகஸ்டில் சர்வீஸில் இருந்த எல்லோருக்கும் சுதந்திரப் பொன்விழா மெடல், 2022-இல் இருந்தவர்களுக்கு 75-ஆம் ஆண்டு மெடல். 9,000 அடிக்கு மேலே குறிப்பிட்ட காலம் இருந்தால் உயர்மலை மெடல். சியாச்சினுக்குத் தனி மெடல். கார்கில் சண்டை நடந்த இடத்திலேயே இருந்தவர்களுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார். அந்தச் சமயம் வேறு எல்லைகளில் தயார் நிலையில் நின்றவர்களுக்கு ஆபரேஷன் விஜய் மெடல். 2001 டிசம்பரில் பார்லிமென்ட் தாக்குதலுக்குப் பிறகு மாதக்கணக்கில் எல்லையில் காத்திருந்தோமே, அதற்கு ஆபரேஷன் பராக்ரம் மெடல். ஐ.நா. படையில் போய் வந்தால் அவர்கள் தரும் மெடல் ஒன்று.

இவற்றை "சும்மா கிடைத்த மெடல்" என்று சிலர் சொல்லும்போது எனக்கு வலிக்கும். பனிமலை போஸ்டில் ஒரு குளிர்காலத்தைக் கழிப்பது சும்மா இல்லை. அந்த ரிப்பன் ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே துணி, ஒரே அகலம், 32 மில்லிமீட்டர்.

விழுப்புரம் வாசகி: பரம வீர சக்ரா, பரம விசிஷ்ட சேவா மெடல் இரண்டிலும் 'பரம' வருகிறது. இரண்டும் ஒன்றா?

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை அம்மா. பரம வீர சக்ரா எதிரியின் முன்னே காட்டிய உச்சபட்ச வீரத்துக்கு. இதுவரை 21 பேருக்குத்தான், அதில் 14 பேர் உயிரோடு இல்லாதபோது. பரம விசிஷ்ட சேவா மெடல் சமாதான காலத்தில் செய்த சிறப்பான பணிக்கு. விதிப்படி எந்த ராங்குக்கும் தரலாம். நடைமுறையில் லெப்டினன்ட் ஜெனரல் அளவில் இருப்பவர்களுக்குத்தான் போகிறது.

இந்த விசிஷ்ட சேவா வரிசை 1960-இல் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று ஆரம்பித்தது. 1967-இல் பரம, அதி, வெறும் விசிஷ்ட என்று பெயர் மாற்றினார்கள். ரிப்பனைப் பார்த்தே எது என்று சொல்லிவிடலாம். மூன்றும் தங்க நிறம், அதில் கருநீலக் கோடு. ஒரு கோடு என்றால் பரம. இரண்டு என்றால் அதி. மூன்று கோடு என்றால் விசிஷ்ட. கோடு குறையக் குறைய மதிப்பு கூடும்.

அதே தங்க நிறத்தில் சிவப்புக் கோடு பார்த்தால் அது யுத்த சேவா வரிசை. 1980-இல் வந்தது. மோதல் நடக்கிற இடத்தில் படையைத் திறமையாக நடத்தியதற்கு. சர்வோத்தம், உத்தம், யுத்த சேவா என்று அங்கேயும் ஒன்று, இரண்டு, மூன்று கோடு. ஆகவே ஒரு ஜெனரல் மார்பில் தங்க நிற ரிப்பன்கள் அடுத்தடுத்து இருந்தால், கோட்டின் நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் சமாதான காலப் பணி, சிவப்பு என்றால் சண்டைப் பகுதிப் பணி.

கரூர் கல்லூரி மாணவர்: இந்திய ராணுவத்தில் அதிகம் விருது வாங்கிய ஜெனரல் யார்? மானெக் ஷாவா?

1971 போரின்போது ராணுவத் தளபதியாக இருந்த மானெக் ஷாவைப் பற்றி அடுத்த கேள்வியில் வருகிறேன். பட்டாளத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பழைய ஆட்கள் சொல்லும் பெயர் லெப்டினன்ட் ஜெனரல் ஜோராவர் சந்த் பக்ஷி. 'ஜோரு' என்று கூப்பிடுவார்கள். 2018 மே மாதம் தொண்ணூறு வயதைத் தாண்டி இறந்தார். ஒரு அதிகாரியின் வாழ்க்கை எப்படி ரிப்பனாக மாறுகிறது என்று சொல்லிக்கொடுக்க இவரைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

1943-இல் பலூச் ரெஜிமென்டில் சேர்ந்தார். பர்மாவில் ஜப்பானியர்களோடு சண்டை. அங்கே 'மென்ஷன்ட் இன் டெஸ்பாட்சஸ்' ஆனார், அதாவது தளபதி மேலே அனுப்பும் போர் அறிக்கையில் அவர் பெயரைப் பாராட்டிக் குறிப்பிட்டார்கள். அதற்குத் தனி மெடல் கிடையாது. அந்தப் போரின் மெடல் ரிப்பன் மேல் வெண்கலத்தில் சின்னதாக ஒரு ஓக் இலை குத்துவார்கள். இப்போது நம் ராணுவத்தில் அதே இடத்தில் தாமரை இலை.

பிரிவினை வந்தது. பலூச் ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போக, இவர் கூர்க்கா ரைஃபிள்ஸுக்கு வந்தார். 1948-இல் காஷ்மீர் சண்டையில் வீர சக்ரா (பரம வீர, மகா வீர சக்ராக்களுக்கு அடுத்த வீர விருது). அடுத்த வருடம் திபெத்துக்கு மாறுவேஷத்தில் அனுப்பினார்கள். புத்த பிக்கு வேஷத்தில் நடந்தே போய், பாதைகளையும் கணவாய்களையும் பார்த்துக் குறித்துக்கொண்டு திரும்பினார். அதற்கு மெக்ரிகர் மெடல் கிடைத்தது. 1888-லிருந்து ராணுவ வேவுப் பயணங்களுக்காகக் கொடுத்துவரும் மெடல் அது.

பிறகு 1965. பிரிகேடியர் பக்ஷி 68-ஆவது காலாட்படை பிரிகேடின் கமாண்டர். ஊரி, பூஞ்ச் இரண்டுக்கும் நடுவே ஹாஜி பீர் கணவாய். பாகிஸ்தான் ஊடுருவல்காரர்கள் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தார்கள். மழையில், ராத்திரியில், செங்குத்தான மலையில் ஏறி ஆகஸ்ட் 28-ஆம் தேதி காலை கணவாயைப் பிடித்தார்கள். ஏறிப் போன 1-ஆவது பாரா பட்டாலியனின் குழுவுக்குத் தலைவர் மேஜர் ரஞ்சித் சிங் தயாள். அவருக்கும் மகா வீர சக்ரா, பிரிகேடை நடத்திய பக்ஷிக்கும் மகா வீர சக்ரா. 1966-இல் பாகிஸ்தானோடு போட்ட தாஷ்கண்ட் ஒப்பந்தத்துக்குப் பிறகு கணவாயைத் திருப்பிக் கொடுத்தோம். மெடல்கள் மட்டும் நம்மிடம் இருக்கின்றன. எழுபது வயதைத் தாண்டிய பட்டாளத்துக்காரர்களிடம் ஹாஜி பீர் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறிவிடும்.

1971-இல் மேஜர் ஜெனரலாக 26-ஆவது டிவிஷனை நடத்தி, ஜம்மு எல்லையில் 'சிக்கன்ஸ் நெக்' என்ற பகுதியைப் பிடித்தார். அதற்குப் பரம விசிஷ்ட சேவா மெடல், யுத்த சேவா வரிசை அப்போது வந்திருக்கவில்லை. விசிஷ்ட சேவா மெடலும் அவரிடம் இருந்தது.

இப்போது அவர் மார்பைப் படியுங்கள். அரசாங்க வரிசைப்படி முதலில் வருவது தங்க நிறத்தில் ஒரு நீலக் கோடு. அதற்குப் பிறகுதான் பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு: மகா வீர சக்ரா. அடுத்து பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு: வீர சக்ரா. பரம விசிஷ்ட சேவா மெடலை மகா வீர சக்ராவுக்கு மேலே வைத்திருக்கிறது விதி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குண்டு பாயும் இடத்தில் வாங்கியது முதலில் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. ஆகவே ஜெனரல்களைப் பார்க்கும்போது முதல் ரிப்பனோடு கண்ணை நிறுத்திவிடாதீர்கள். லெப்டினன்டாக, கேப்டனாக, மேஜராக இருந்த வயதில் அவர் என்ன வாங்கினார் என்று தேடுங்கள். வீரத்துக்கான மெடல் பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் வருவது. மேஜையில் உட்கார்ந்த பிறகு வருவது வேறு.

குன்னூர் வாசகர்: எங்கள் ஊரில் வாழ்ந்த ஃபீல்டு மார்ஷல் மானெக் ஷாவுக்கு வீரத்துக்கான விருது எது?

மிலிட்டரி கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது. அது ஒன்றுதான்.

1942 பிப்ரவரி, பர்மாவில் சிட்டாங் ஆற்றுப் பாலம். பிரிட்டிஷ் இந்தியப் படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. கேப்டன் மானெக் ஷா, ஃபிரன்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்ட் கம்பெனி ஒன்றை நடத்தி ஒரு மேட்டைப் பிடித்தார். அந்த இடத்திலேயே இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் வயிற்றில் பாய்ந்தன. அவருடைய ஆர்டர்லி ஷேர் சிங் தூக்கிக்கொண்டு ஓடியதால் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தார்.

டிவிஷனின் மூத்த அதிகாரி டேவிட் கோவன் அங்கேயே தன் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைக் கழற்றி இவர் மேல் குத்தினார் என்பது பட்டாளம் முழுக்கத் தெரிந்த கதை. காரணம், இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் தரும் வழக்கம் அப்போது இல்லை. இந்த ஆள் பிழைக்க மாட்டார் என்று கோவன் நினைத்தார். அரசிதழில் விருது வெளியானபோது மானெக் ஷா உயிரோடு இருந்தார், அதற்கப்புறம் 66 வருடம் இருந்தார்.

1968-இல் பத்ம பூஷண். பங்களாதேஷ் போருக்குப் பிறகு 1972-இல் பத்ம விபூஷண். 1973 ஜனவரி முதல் தேதி ஃபீல்டு மார்ஷல். கீழ் வரிசைகளில் பர்மா ஸ்டார், வார் மெடல், 1947-இன் சுதந்திர மெடல், 1965-இன் ரக்ஷா மெடல், 1971-இன் சங்கிராம் மெடல் என்று இரண்டு சகாப்தம் அடுத்தடுத்து நிற்கும். ராஜா தலை போட்ட மெடலும் அசோகச் சின்னம் போட்ட மெடலும் ஒரே மார்பில். அந்தத் தலைமுறை அதிகாரிகளோடு அந்தக் காட்சி முடிந்துவிட்டது. 2008 ஜூன் 27-ஆம் தேதி வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். ஊட்டி பார்சி மயானத்தில் அடக்கம். நீங்கள் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், ஒருமுறை போய் வாருங்கள்.

நாமக்கல் வாசகர்: எங்கள் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்திலிருந்து ஒரு ராணுவத் தளபதி வந்தார் என்கிறார்களே, அவருக்கு என்ன மெடல்?

உங்கள் ஊர்க்காரர் மேல் எனக்குத் தனி மரியாதை. ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். சென்னை மாகாண முதல் மந்திரியாக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகன். பீரங்கிப் படை அதிகாரி. 1942 மே மாதம் லிபியா பாலைவனத்தில் பீர் ஹக்கீம் அருகே ஜெர்மன் தளபதி ரோமலின் டாங்கிகள் வந்தபோது இவருடைய பீரங்கி பேட்டரி எதிர்த்து நின்றது. அதற்கு டி.எஸ்.ஓ. என்ற டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் ஆர்டர், பிரிட்டிஷ் விருது. மேஜர் ராங்கில் இருந்த இந்தியருக்கு அந்தக் காலத்தில் டி.எஸ்.ஓ. கிடைப்பது பெரிய விஷயம்.

அதே பாலைவனச் சண்டையில் பிடிபட்டு இத்தாலியில் போர்க்கைதியானார். தப்பினார். மறுபடி பிடிபட்டு ஜெர்மனியின் ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமுக்குப் போனார். டி.எஸ்.ஓ.வோடு எம்.பி.இ. என்ற இன்னொரு பிரிட்டிஷ் விருதும் அவர் பெயருக்குப் பின்னால் உண்டு. 1966 ஜூன் முதல் 1969 ஜூன் வரை ராணுவத் தளபதி. மானெக் ஷாவிடம்தான் பொறுப்பை ஒப்படைத்தார். 1970-இல் பத்ம விபூஷண். நம் பிள்ளைகளுக்கு இவர் பெயர் தெரியாமல் போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

ராமநாதபுரம் வாசகர்: மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ரா. எங்கள் மாவட்டத்து ஹவில்தார் பழனிக்கு வீர சக்ரா. ஏன் இந்த வேறுபாடு?

எதிரே நின்றது யார் என்பதுதான் வேறுபாடு. முகுந்த் 2014 ஏப்ரலில் ஷோபியானில் தீவிரவாதிகளோடு நடந்த மோதலில் உயிர் கொடுத்தார். அந்த வகைச் சண்டைகளுக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌரிய சக்ரா. பழனி 2020 ஜூன் 15 ராத்திரி கல்வானில் சீன ராணுவத்துக்கு எதிரே நின்றார். எதிரிப் படைக்கு எதிரே என்பதால் பரம வீர, மகா வீர, வீர சக்ரா என்ற வரிசை.

பழனி ஹவில்தார். அவருடைய வீர சக்ரா அரசாங்க வரிசையில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். யுத்த சேவா மெடல், சேனா மெடல், விசிஷ்ட சேவா மெடல் எல்லாம் அதற்குக் கீழே. கர்னல், பிரிகேடியர், ஜெனரல்கள் வாங்கும் பல மெடல்களுக்கு மேலே நிற்கிறது அது.

தஞ்சாவூர் வாசகி: யாருக்கு மெடல் என்று யார் முடிவு செய்கிறார்கள்? சிபாரிசு வேலை செய்யுமா?

இது என் மேஜை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சம்பவம் நடந்த யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர்தான் ஆரம்பிக்க வேண்டும். சிட்டேஷன் எழுதுவார். எந்த நாள், எத்தனை மணி, வரைபடத்தில் எந்த இடம், எத்தனை மீட்டர் தூரத்திலிருந்து சுட்டார்கள், அந்த ஆள் என்ன செய்தான், செய்யாவிட்டால் என்ன ஆகியிருக்கும். நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலம் கூடவே போகும். அது பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் என்று ஏறி ராணுவத் தலைமையகம் போய், பாதுகாப்பு அமைச்சகக் குழுவில் பரிசீலித்து, ஜனாதிபதி ஒப்புதல் பெறும். வழியில் எந்தப் படியிலும் மெடலின் தரத்தைக் குறைக்கலாம், திருப்பியும் அனுப்பலாம்.

என் கமாண்டிங் ஆபீசர் ஒருவர் சிட்டேஷனைத் தானே சொல்லச் சொல்ல என்னை டைப் அடிக்க வைப்பார். 'தைரியமாக முன்னேறினார்' என்று அடித்தால் போதாது. "எத்தனை அடி முன்னேறினான், கையில் என்ன இருந்தது, காயம் பட்டது அதற்கு முன்னாலா பின்னாலா, அதை எழுதுங்க சாப்" என்பார். சிட்டேஷன் எந்தப் பையனுக்கோ, அவனோடு கூட இருந்த ஜவான்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு விசாரிப்பார். ஒருத்தன் பேச்சு வராமல் நிற்பான், அவன் பேசுகிறவரை காத்திருப்பார். அந்தப் பையன் அப்போது உயிரோடு இல்லை. தாளில் ஒரு எழுத்து அடித்தல் திருத்தல் இருந்தாலும் புதுத்தாள் போடச் சொல்வார். ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் அதைத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறேன். கடைசியில் சேனா மெடல் கிடைத்தது. அவன் அம்மா வாங்கிக்கொண்டார்.

சிபாரிசு பற்றிக் கேட்டீர்கள். விசிஷ்ட சேவா மாதிரியான பணி விருதுகளில் யாரிடம் வேலை செய்தார், அவர் எவ்வளவு அழகாக எழுதினார் என்பதற்கு இடம் இருக்கிறது. மறைத்துப் பேச விரும்பவில்லை. வீர விருதில் சாட்சி வேண்டும், இடம் வேண்டும், ரத்தம் பெரும்பாலும் சிந்தியிருக்கும். நியாயமான குறை அங்கே வேறு: நல்ல சாட்சி இல்லாததால், எழுதத் தெரிந்த அதிகாரி இல்லாததால், கிடைக்க வேண்டியவனுக்குக் கிடைக்காமல் போவது.

சேனா மெடலைப் பற்றி ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். வீரத்துக்கும் அதே மெடல், சிறந்த பணிக்கும் அதே மெடல். சிவப்பு ரிப்பன், நடுவே வெள்ளைக் கோடு. மார்பைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. அரசிதழைப் பார்த்தால்தான் தெரியும்.

ஓசூர் வாசகர்: மெடலுக்குப் பணம் உண்டா?

வீர விருதுக்கு மட்டும் மாதாந்திரத் தொகை. 2017 ஆகஸ்டில் இரட்டிப்பாக்கியபோது பரம வீர சக்ராவுக்கு 20,000 ரூபாய், அசோக சக்ரா 12,000, மகா வீர சக்ரா 10,000, கீர்த்தி சக்ரா 9,000, வீர சக்ரா 7,000, சௌரிய சக்ரா 6,000, வீரத்துக்கான சேனா மெடல் 2,000. இது தவிர மாநில அரசுகள் தனியாகத் தருகின்றன. ஜெனரல்கள் வாங்கும் பரம விசிஷ்ட, அதி விசிஷ்ட மெடல்களுக்கு மாதத் தொகை கிடையாது.

மதுரை வாசகர்: தளபதிகள் பெயருக்குப் பின்னால் 'ஏ.டி.சி.' என்று வருகிறதே, அது என்ன மெடல்?

மெடல் இல்லை. ஜனாதிபதியின் கௌரவ ஏ.டி.சி. (எய்ட்-டி-காம்ப், உடனிருக்கும் உதவி அதிகாரி) என்ற பொறுப்பு. முப்படைத் தளபதிகளுக்கும் இன்னும் சில மூத்த அதிகாரிகளுக்கும் உண்டு. தோளிலிருந்து தொங்கும் தங்கக் கயிறு அதன் அடையாளம். ஓய்வு பெற்றால் அந்த எழுத்துகள் போய்விடும். மெடல் எழுத்துகள் சாகும்வரை கூடவே இருக்கும்.

ஆரணி வாசகி: அப்பா 1971 போரில் இருந்தவர். அவர் காலமான பிறகு தகரப் பெட்டியில் ஐந்து மெடல் கிடைத்தன. ஒன்று நட்சத்திர வடிவம். ரிப்பன் நைந்துவிட்டது. எல்லாமே கருத்துப் போயிருக்கின்றன. பாலிஷ் போடலாமா? அம்மா அதை அணிந்துகொள்ளலாமா? அப்பா எதையும் எங்களிடம் சொன்னதில்லை.

அம்மா, முதலில் பாலிஷ் போடாதீர்கள். பிராஸோ, புளி, சாம்பல், பல்பொடி எதுவும் வேண்டாம். எழுத்து தேய்ந்துவிடும், போனால் வராது. உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். ரப்பர் பேண்ட், பிளாஸ்டிக் கவர் கிட்டே கொண்டுபோகாதீர்கள், உலோகத்தைக் கெடுக்கும். வெயில் படுகிற சுவரில் மாட்டினால் ரிப்பன் வெளுத்துப் போகும்.

அடுத்து, ஒவ்வொரு மெடலையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் விளிம்பைப் பாருங்கள். முகப்பை இல்லை, காசின் ஓரம் மாதிரி இருக்கிற அந்த மெல்லிய விளிம்பை. அப்பாவின் ராணுவ எண், ராங்க், பெயர், ரெஜிமென்ட் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். நட்சத்திரமாக இருந்தால் பின்பக்கம் பாருங்கள். பெயரில் ஸ்பெல்லிங் தப்பாக இருக்கலாம், தமிழ்ப் பெயர்களை அப்படித்தான் பொறித்தார்கள். எந்த ராங்கில் அந்த மெடல் வந்தது என்பதும் அதில் தெரியும். ஒன்றில் சிப்பாய் என்றும் இன்னொன்றில் நாயக் என்றும் இருந்தால், இரண்டுக்கும் நடுவே அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது.

நட்சத்திரம் 1971 போருடையது என்றால் இரண்டில் ஒன்று. கிழக்கே பங்களாதேஷ் பக்கம் சண்டையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே பாகிஸ்தான் எல்லையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். 1965-ஐச் சேர்ந்தது என்றால் சமர் சேவா ஸ்டார். மற்றவற்றில் சங்கிராம் மெடலும், 1972-இல் தந்த சுதந்திர வெள்ளிவிழா மெடலும், ஒன்பது வருட சர்வீஸ் மெடலும் இருக்க வாய்ப்பு அதிகம். மெடலிலேயே பெயர் எழுதியிருக்கும், ஹிந்தி தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள்.

பிறகு அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கைத் தேடுங்கள். பென்ஷன் பேப்பரோடு இருக்கும். அதில் மெடல்களுக்கென்று ஒரு இடம் உண்டு. அங்கே ஆறு எழுதியிருந்து பெட்டியில் ஐந்து இருந்தால், ஒன்று அவர் கைக்கு வராமலே போயிருக்கலாம். பார்ட் டூ ஆர்டரில் பதிவாகி, மெடல் அச்சாகி வருவதற்குள் ஆள் ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிடுவது அடிக்கடி நடந்திருக்கிறது. அவருடைய ரெஜிமென்டின் ரெக்கார்டு ஆபீசுக்கு எண், பெயர், டிஸ்சார்ஜ் தேதி போட்டு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். கடிதம் எழுதத் தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள்.

ரிப்பனை மாற்றலாம், தப்பில்லை. பழைய துணியைத் தூக்கிப் போடாமல் உறையில் வையுங்கள். கன்டோன்மென்ட் ஊர்களில் ராணுவச் சாமான் விற்கும் கடைகளில் புது ரிப்பன் மீட்டர் கணக்கில் கிடைக்கும். டெல்லி கன்டோன்மென்டின் கோபிநாத் பஜாரில் கிடைக்காத ரிப்பன் இல்லை. எங்கள் யூனிட் தர்ஜி (தையல்காரர்) ரிப்பனை அட்டையில் வைத்து நூல் தெரியாமல் தைப்பார், கோடு ஒரு இழை சாய்ந்தாலும் பிரித்துவிடுவார். உங்கள் ஊர் தையல்காரரிடம் மெடலின் போட்டோவைக் காட்டி, கோடுகள் நேராக நிற்கும்படி தைக்கச் சொல்லுங்கள்.

அம்மா அணிந்துகொள்ளலாமா என்று கேட்டீர்கள். போர் நினைவுச் சின்னத்தில் அஞ்சலி செலுத்தும்போது, நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்களின் குடும்பத்தார் அவர்களுடைய மெடல்களை அணியலாம் என்று 2019-இல் ராணுவம் சொல்லியிருக்கிறது. இடது மார்பு வாங்கியவருக்கு உரியது, குடும்பத்தாருக்கு வலது மார்பு. உங்கள் அப்பா போல ஓய்வு பெற்ற பிறகு காலமானவர்களுக்கு எப்படி என்று முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, 1971 வெற்றி நாளான டிசம்பர் 16, விஜய் திவஸ் அன்று அம்மாவை அழைத்துப் போங்கள். சேலையில் கனமான மெடல் தொங்கினால் துணி கிழியும். உள்ளே தடித்த துணி ஒட்டுப் போட்டு, அதற்கு மேல் மெடல் பாரைக் குத்துங்கள். நமக்கு இடது ஓரத்தில் மூத்த மெடல் வரும்படி வரிசை பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் ஐந்து மெடலையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து இந்த இதழ் முகவரிக்கு அனுப்புங்கள், வரிசையை நானே எழுதி அனுப்புகிறேன்.